வீட்டு வேலைக்குப் போய் வானத்தைப் படித்த வில்லியமினா அம்மா



இந்த மலரில் ஆளுக்கொரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டபோது, எல்லாருக்கும் தெரிந்த பெயர்களை மற்ற குழுக்கள் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு யாரும் மிச்சமில்லை. வீட்டுக்கு வந்து என் பெரிய மகளிடம் சொன்னேன். அவள் நூலகத்தில் இருந்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தில் இந்த அம்மாவின் படம் இருந்தது. வீட்டு வேலைக்காரியாக இருந்தவர் என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் இவரைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள். நட்சத்திர விஷயம் கொஞ்சம் வரும். மகளிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை நம்ம பாஷையில் எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வில்லியமினா பேட்டன் ஸ்டீவன்ஸ் 1857-ம் வருஷம் மே மாதம் 15-ம் தேதி ஸ்காட்லாந்து நாட்டில் டண்டீ என்ற ஊரில் பிறந்தார். அப்பா மரத்தில் செதுக்கு வேலை செய்து, படச் சட்டங்களுக்குத் தங்கப் பூச்சு பூசுகிறவர். புகைப்படம் என்பதே புதுசாக வந்த அந்தக் காலத்தில் அதையும் கற்றுக்கொண்டு செய்து பார்த்தவர். மகளுக்கு ஏழு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். பதினாலு வயதிலேயே வில்லியமினா தான் படித்த பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். படித்துக்கொண்டே பாடம் நடத்துவது அங்கே அப்போது வழக்கம்.

இருபது வயதில் ஜேம்ஸ் ஓர் ஃபிளெமிங் என்பவரோடு கல்யாணம். 1878 கடைசியில் இரண்டு பேரும் கப்பல் ஏறி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் போனார்கள். போன கொஞ்ச நாளிலேயே கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். அப்போது அந்த அம்மா கர்ப்பம். தெரியாத ஊர், கையில் காசு இல்லை, சொந்தம் என்று யாரும் இல்லை. வீட்டு வேலைக்குப் போனார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த வீடு எட்வர்டு பிக்கரிங் என்பவருடையது. ஹார்வர்டு பல்கலைக்கழக வானாய்வுக்கூடத்தின் தலைவர் அவர். வேலைக்கு வந்த பெண் எழுத்தும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவள் என்று அந்த வீட்டில் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடவும் எடுத்து எழுதவும் அவருக்குப் பகுதி நேர வேலை கிடைத்தது. தன்னிடம் வேலை பார்த்த ஆண்கள் மீது பிக்கரிங்குக்கு எரிச்சல் வந்து, என் வீட்டு வேலைக்காரி இதைவிட நன்றாகச் செய்வாள் என்று கத்தினாராம், அதனால்தான் வேலை கிடைத்தது என்று வழிவழியாக ஒரு கதை சொல்றாங்க. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருத்தர் கோபத்தில் கத்தியதால் கிடைத்த வேலை முப்பது வருஷம் நிலைக்குமா? பதினாலு வயதில் கரும்பலகை முன்னால் நின்றது வீண் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிரசவத்துக்கு டண்டீக்கே திரும்பினார். 1879 அக்டோபரில் மகன் பிறந்தான். பிக்கரிங் குடும்பத்தின் மேல் இருந்த நன்றியில் எட்வர்டு சார்லஸ் பிக்கரிங் ஃபிளெமிங் என்று அவர் பெயரையே மகனுக்கு வைத்தார். பிறகு 1881-ல் கைக்குழந்தையைத் தன் அம்மாவிடமும் பாட்டியிடமும் விட்டுவிட்டுத் தனியாகக் கப்பல் ஏறி வேலைக்குத் திரும்பினார். சில வருஷம் கழித்துத்தான் பையன் அம்மாவிடம் வந்து சேர்ந்தான். புத்தகத்தில் இது ஒரே ஒரு வரிதான். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போன சகோதரிகள் நம் குழுக்களில் இருக்கிறார்கள், அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி வேலைக்கு வருகிறேன். ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் நட்சத்திரங்களின் ஒளியைப் புகைப்படம் எடுப்பதில் முன்னோடி. அவர் 1882-ல் இறந்த பிறகு அவர் மனைவி அன்னா டிரேப்பர் அம்மா, கணவர் விட்ட வேலை நடக்க வேண்டும் என்று 1886-ல் இருந்து ஹார்வர்டுக்குப் பணம் கொடுத்தார். அதற்கு வேலை பார்த்த நெட்டி ஃபாரர் என்ற பெண் கல்யாணமாகிப் போகும்போது நம் வில்லியமினா அம்மாவுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். பணம் கொடுத்ததும் பெண், கற்றுக்கொடுத்ததும் பெண், செய்ததும் பெண். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை என்னவென்றால், ராத்திரி ஆண்கள் தொலைநோக்கியில் கண்ணாடித் தட்டு வைத்துப் படம் எடுப்பார்கள். தொலைநோக்கியின் வாயில் பெரிய முப்பட்டகத்தை மாட்டியிருப்பார்கள். முப்பட்டகம் வழியாக வெயில் வந்தால் வானவில் மாதிரி நிறம் பிரியும் என்று நாம் எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் படித்தோம் இல்லையா, அதேதான். அதனால் தட்டில் ஒவ்வொரு நட்சத்திரமும் புள்ளியாக விழாமல் குட்டிப் பட்டையாக விழும். அதற்குப் பெயர் நிறமாலை. பகலில் அந்தத் தட்டுகளைச் சட்டத்தில் சாய்த்து வைத்து, கீழே இருக்கும் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பட்டு மேலே அடிக்க, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொரு பட்டையாகப் பார்ப்பார்கள். தட்டில் எல்லாம் தலைகீழ், வெளிச்சம் கருப்பாகவும் இருட்டு தெளிவாகவும் இருக்கும். ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான பட்டைகள். இந்தப் பெண்களுக்குக் கூலி மணிக்கு 25 சென்ட் அளவில். வெளியே சிலர் இவர்களுக்குக் கேலிப் பெயர் வைத்துச் சிரித்தார்கள், அதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

இந்த அம்மா கண்டுபிடித்ததில் முக்கியமான ஒன்று கோள் நெபுலா. பெயரில் கோள் இருந்தாலும் கோளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம்ம சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் வயதாகி, முடிவு நெருங்கும்போது தன் மேல் உடம்பை வாயுவாகக் கழற்றி வெளியே விட்டுவிடும். நடுவில் மிஞ்சும் கொதிக்கும் உட்கரு அந்த வாயுவை ஒளிர வைக்கும். சில பத்தாயிரம் வருஷம் அப்படி ஒளிர்ந்துவிட்டுக் கலைந்து போகும். வானத்துக் கணக்கில் அது கண் இமைக்கும் நேரம். 1780-களில் வில்லியம் ஹெர்ஷல் என்பவர் தொலைநோக்கியில் பார்த்தபோது சில நெபுலாக்கள் கோள் மாதிரி வட்டத் தட்டாகத் தெரிந்தன. அவர் வைத்த பெயரே நின்றுவிட்டது.

இதில் சிக்கல் என்னவென்றால், தூரத்தில் இருக்கும் கோள் நெபுலா தொலைநோக்கியில் பார்த்தாலும் சாதாரண நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளிதான். ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவில் எது நட்சத்திரம், எது நெபுலா?

எங்கள் குழு மசாலாப் பொடி அரைத்து விற்கிறது. மிளகு வாங்கும்போது அதில் காய்ந்த பப்பாளி விதை கலந்திருக்கும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். ஒரு தடவை நாங்கள் போட்டுப் பார்க்காமல் வாங்கி நஷ்டப்பட்டோம், அது வேற கதை. முப்பட்டகம் என்பது அந்த டம்ளர் தண்ணீர் மாதிரி. நட்சத்திரத்தின் ஒளியை அதில் விட்டால் முழுப் பட்டை விழும், குறுக்கே அங்கங்கே வெட்டுக் கோடு இருக்கும். நெபுலா வெறும் வாயு என்பதால் பட்டை விழாது. தனித்தனியாகச் சில பொட்டுகள் மட்டும் விழும். 1864-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர் ஒரு கோள் நெபுலாவின் ஒளியை இப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் அது வாயு என்று முதல்முதலாகச் சொன்னார். அதில் ஒரு பச்சைக் கோடு என்ன பொருளால் வருகிறது என்று தெரியாமல், பூமியில் இல்லாத புதுப் பொருள் என்று நினைத்து நெபுலியம் என்று பெயர்கூட வைத்தார்கள். கடைசியில் 1927-ல்தான் அது நாம் மூச்சு விடும் ஆக்சிஜனேதான், மிக மெல்லிய வாயுவில் வேறு மாதிரி ஒளிர்கிறது என்று தெரிந்தது.

தண்ணீரில் போட்டதும் வேலை முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வானத்தில் ஏமாற்றும் சரக்கு நிறைய. சில நட்சத்திரங்களும் பொட்டு மாதிரி பிரகாசமான கோடுகள் காட்டும். ஆனால் உற்றுப் பார்த்தால் கோடு அகலமாக இருக்கும், பின்னால் மங்கலாகப் பட்டையும் இருக்கும். பட்டை இருந்தால் அது நட்சத்திரம். இன்னொரு வகை, சிவப்பாக, பிரகாசம் கூடிக் குறைந்து மாறும் நட்சத்திரங்கள். அவற்றில் பிரகாசமான கோட்டோடு அகலமான இருட்டுப் பட்டைகளும் சேர்ந்து வரும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் இந்த அம்மா பழைய தட்டுகளை எடுத்து வைத்து அதன் பிரகாசம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுவார். இப்படியே முந்நூறுக்கும் மேல் மாறும் நட்சத்திரங்களைப் பிடித்தார். வானத்தில் மங்கலான மேகத் திட்டாகத் தெரிகிற சிலது முழுப் பட்டை கொடுக்கும், காரணம் அவை வாயு இல்லை, எண்ணிலடங்காத நட்சத்திரங்கள் தூரத்தில் கூடியிருக்கும் கூட்டம். நட்சத்திரங்கள் பிறக்கிற வாயு மேகங்களோ கோள் நெபுலா மாதிரியே பொட்டுப் பொட்டாகக் காட்டும், ஆனால் சின்னதாக வட்டமாக இல்லாமல் தாறுமாறாகப் பரந்து கிடக்கும். இவை போதாது என்று தட்டில் ஒட்டின தூசியும் மருந்துக் கறையும்கூட பொட்டு மாதிரி தெரியும். அதற்கு ஒரே வழி அதே இடத்தை எடுத்த இன்னொரு தட்டைப் பார்ப்பது. கறை இரண்டு தட்டில் ஒரே இடத்தில் வராது.

இவற்றில் பெரிய ஏமாற்றுக்காரன் நோவா. இல்லாத இடத்தில் திடீரென்று பிரகாசமாகத் தோன்றும் நட்சத்திரம் அது. முதலில் பட்டையோடு பிரகாசமான கோடுகள் காட்டும், நாள் ஆக ஆகப் பட்டை மங்கி, கடைசியில் அச்சு அசலாக நெபுலா மாதிரியே பொட்டுகள் காட்டும். ஒரு நாள் தட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பழைய தட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் நோவா, முன்பும் அப்படியே இருந்தால் நெபுலா. 1893-ல் தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் அரெக்கிபாவில் ஹார்வர்டுக்காரர்கள் எடுத்து அனுப்பிய தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அக்டோபர் மாதம் ஒரு பட்டையில் நின்றார். முந்தின வருஷம் தோன்றிய வேறொரு நோவாவின் பட்டை அவர் மனசில் இருந்தது. அதே சாயல். ஜூலையில் எடுத்த தட்டு அது. வானத்தில் யாரும் பார்க்காத நோவாவை, மூன்று மாசம் கழித்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு பெண் கண்டுபிடித்தார். இப்படிப் பத்து நோவாக்கள், 59 வாயு நெபுலாக்கள் அவர் கணக்கில் இருக்கின்றன. அதில் 1891-ல் கண்ட ஒன்று இன்றைக்கும் பேசப்படுகிறது. ராத்திரியில் ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம் பார்ப்போமே, அந்தக் கூட்டத்துக்குக் கீழே முயல் என்ற கூட்டத்தில் அது இருக்கிறது. ஹபிள் தொலைநோக்கி எடுத்த படத்தில் பூ வேலைப்பாடு செய்த மணி மாதிரி இருக்கிறது. மகள் அதைக் காட்டியபோது நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அம்மா பார்த்ததோ அதன் கருப்புப் பொட்டுகளை மட்டும்.

நட்சத்திரங்களை வகை பிரிக்கவும் அவர் ஒரு முறை வைத்தார். ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து வரிசைப்படி க்யூ வரைக்கும், நடுவில் ஜே மட்டும் கிடையாது. பிரகாசமான கோடு காட்டும் நட்சத்திரங்களுக்கு ஓ. அதற்கு அடுத்த எழுத்து கோள் நெபுலாக்களுக்கு. எதிலும் சேராததற்குக் கடைசி எழுத்து. நெபுலாவுக்கென்று தனி டப்பா வைத்ததால்தான் நட்சத்திரக் கணக்கில் அது கலக்கவில்லை. 1890-ல் 10,351 நட்சத்திரங்களின் பட்டியல் புத்தகமாக வந்தது. வேலையில் பெரும்பகுதி அம்மாவுடையது. அட்டையில் பெயர் அவருடையது இல்லை. முன்னுரையில் ஒரு ஓரத்தில் குறிப்பிட்டிருந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. 1888-ல் அதே மூன்று நட்சத்திரத்தில் ஒன்றுக்குக் கீழே, ஒளிரும் மேகத்தில் அரை வட்டமாக ஒரு பள்ளம் இருப்பதைத் தட்டில் கண்டு குறித்தார். இன்று அதற்குக் குதிரைத்தலை நெபுலா என்று பெயர், உலகம் முழுக்கத் தெரிந்த படம். ஆனால் அடுத்து வந்த நெபுலாப் பட்டியலில் ஹார்வர்டு தட்டுகளில் கண்டதையெல்லாம் பிக்கரிங் பெயரில் எழுதிவிட்டார்கள். 1908-ல் வந்த இன்னொரு பட்டியலில் அம்மாவின் பிந்தைய கண்டுபிடிப்புகளுக்கு அவர் பெயர் வந்தது, குதிரைத்தலைக்கு அப்போதும் வரவில்லை. தீர்மானப் புத்தகத்தில் பேசினவள் பெயரை விட்டுவிட்டால் நாம் விடுவோமா? அவர் என்ன செய்தார் என்றால், அடுத்த தட்டை எடுத்தார்.

பிறகு பதவி வந்தது. 1899-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை வானப் புகைப்படங்களின் காப்பாளராக நியமித்தது. அந்த மாதிரிப் பதவி அங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. பெண்கள் பலரை வேலைக்கு எடுத்துப் பழக்கினார். 1893-ல் சிகாகோவில் நடந்த பெரிய கண்காட்சியை ஒட்டி, வானவியலில் பெண்களுக்கு வேலை இருக்கிறது, பொறுமையிலும் ஒழுங்கிலும் அவர்கள் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று கட்டுரையும் எழுதினார்.

சம்பளக் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1900-ம் வருஷம் ஹார்வர்டில் ஒரு பெட்டியில் பலருடைய நாட்குறிப்புகளைச் சேர்த்து வருங்காலத்துக்கு என்று வைத்தார்கள். அம்மாவும் எழுதினார். பிக்கரிங்கை மதித்தவர்தான், ஆனால் மனசில் இருந்ததை மறைக்கவில்லை. எவ்வளவு வேலை கொடுத்தாலும் எவ்வளவு நேரமானாலும் தன்னால் முடியும் என்று நினைக்கிறார், சம்பளம் என்று கேட்டால் மட்டும் பெண்களின் சம்பளக் கணக்குக்கு இது நல்ல சம்பளம் என்கிறார் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு வருஷத்துக்கு 1,500 டாலர். ஆண்கள் சிலருக்கு 2,500. தனக்கும் வீடு இருக்கிறது, காப்பாற்ற ஆள் இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லையா என்பது அவர் கேள்வி. மகன் அப்போது பாஸ்டனில் பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவதிலேயே பொழுது போகிறது, தன் சொந்த ஆராய்ச்சி தள்ளிக்கொண்டே போகிறது என்றும் வருத்தப்பட்டிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 42. இதைப் படித்தபோது அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன், பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மகன் படித்து முடித்து, சுரங்க உலோகத் தொழிலில் தேர்ந்து, தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக்கு வேலைக்குப் போனார். 1906-ல் லண்டனில் உள்ள அரச வானியல் கழகம் அம்மாவைக் கௌரவ உறுப்பினர் ஆக்கியது. மெக்சிகோ நாட்டு வானியல் சங்கம் பதக்கம் கொடுத்தது.

1910-ல் ஒரு சம்பவம். ரஸ்ஸல் என்ற விஞ்ஞானி ஹார்வர்டுக்கு வந்திருந்தபோது, எரிடானஸ் கூட்டத்தில் ஒரு மங்கலான குட்டி நட்சத்திரம் என்ன வகை என்று பிக்கரிங்கிடம் கேட்டார். பிக்கரிங் உடனே அம்மாவின் அறைக்குப் போன் போட்டார். அம்மா தட்டை எடுத்துப் பார்த்துக் கொஞ்ச நேரத்தில் பதில் சொன்னார், ஏ வகை. ஏ வகை என்றால் வெள்ளையாக, ரொம்பச் சூடாக இருப்பது. அவ்வளவு சூடான நட்சத்திரம் அவ்வளவு மங்கலாக இருக்க முடியாதே என்று ரஸ்ஸல் திகைத்தார். அது அளவில் மிகச் சின்னது, அதனால்தான் மங்கல். பின்னால் அந்த இனத்துக்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர் வைத்தார்கள். கோள் நெபுலா கலைந்து போன பிறகு நடுவில் மிஞ்சும் உட்கரு ஆறி ஆறி ஆவது இந்த வெள்ளைக் குள்ளன்தான். அம்மா அறுபது நெபுலா கிட்டே கண்டார், அவற்றின் மிச்சம் எப்படி இருக்கும் என்பதையும் தன் கண்ணாலேயே பார்த்துச் சொன்னார். இரண்டும் ஒரே கதையின் முன்பாதி பின்பாதி என்று உலகத்துக்குத் தெரிந்தது அவர் காலத்துக்கு வெகு பின்னால்.

அடுத்த வருஷம், 1911 மே மாதம் 21-ம் தேதி, நிமோனியாக் காய்ச்சலில் பாஸ்டனில் இறந்தார். ஐம்பத்து நாலு வயது முடிந்து ஆறு நாள். விசித்திர நிறமாலை காட்டும் நட்சத்திரங்கள் பற்றி அவர் தொகுத்து வைத்திருந்த புத்தகம் 1912-ல் வெளிவந்தது. அதில் அவர் பெயர் இருக்கிறது.

அவர் பார்த்த கண்ணாடித் தட்டுகளும் பின்னால் வந்தவர்கள் பார்த்தவையும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் இன்றும் ஹார்வர்டில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நிலாவில் ஒரு பள்ளத்துக்கு ஃபிளெமிங் என்று பெயர். பெனிசிலின் மருந்து கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்பவருக்கும் நம் அம்மாவுக்கும் சேர்த்து வைத்த பெயராம் அது. அங்கேயும் பாதி இடம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று என் மகள் சொன்னாள்.